ஆன்டனாவும் ஸ்ட்ரீமிங்கும் போதுமா? காவிரி டெல்டா வீடுகளுக்கான கணக்கு

மாதா மாதம் டிடிஎச் ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டு, மாடியில் ஓர் ஆன்டனாவும் வீட்டில் இன்டர்நெட்டும் வைத்துக்கொண்டால் டிவி செலவே இருக்காது என்று சொல்லும் வீடியோக்கள் பரவலாகச் சுற்றுகின்றன. பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை, அல்லது அவற்றைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசப்பட்டவை. அதை நம்பி மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ கடைக்குப் போய் ஆன்டனா கேட்டால், ஒரு கடைக்காரர் "அதெல்லாம் இப்போ வேலை செய்யாதுங்க" என்பார். இன்னொருவர் சின்ன டிஷ் ஒன்றை எடுத்துக் காட்டி "இதுதாங்க ஃப்ரீ ஆன்டனா" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். குழப்பம் அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஆன்டனா செய்யும் வேலையை டெல்டாவில் செய்யக்கூடியது அரசின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் மட்டும்தான். அதில் தமிழ் மிகக் குறைவு. ஆகவே ரீசார்ஜை நிறுத்துவதால் லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது மாடியில் இருக்கும் டிஷ் இல்லை, வீட்டுக்குள் வரும் இன்டர்நெட் லைன். அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

அமெரிக்காவில் ஏன் முடிகிறது?

அங்கே ஏபிசி, என்பிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ் போன்ற பெரிய தனியார் நிறுவனங்களின் நிகழ்ச்சிகள் உள்ளூர் கோபுரங்களிலிருந்து இலவசமாக ஒளிபரப்பாகின்றன. 2009 ஜூன் 12 அன்று முழுத்திறன் நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறின. அதன் பிறகு சாதாரண ஆன்டனா ஒன்றிலேயே துல்லியமான எச்டி படம் கிடைக்கிறது. செய்தி, விளையாட்டு, தொடர் என்று ஒரு வீட்டுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த ஆன்டனாவிலேயே வந்துவிடும். மிச்சத்துக்குத்தான் ஸ்ட்ரீமிங்.

இந்தியாவில் தரைவழி ஒளிபரப்பு, அதாவது கோபுரத்திலிருந்து நேராக வீட்டு ஆன்டனாவுக்கு வரும் ஒளிபரப்பு, தூர்தர்ஷனுக்கு மட்டுமே உரியது. தனியார் சேனல்களுக்கு அந்த வழி திறக்கப்படவே இல்லை. வேறுபாடு தொடங்குவது இங்கேதான்.

டெல்டாவின் பழைய கம்பி ஆன்டனாவுக்கு என்ன ஆயிற்று?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் முதலில் ரூபவாஹினியைத்தான் சொல்வார்கள். 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் அந்தத் தொலைக்காட்சி, கடல் தாண்டி இந்தக் கரையில் தெரிந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது என்றாலும் அதன் அலை அன்றைக்கு இவ்வளவு தூரம் எட்டவில்லை. மூங்கிலையோ இரும்புக் குழாயையோ உயரமாக நட்டு, அதன் உச்சியில் அலுமினியக் குச்சிகள் கொண்ட ஆன்டனாவைக் கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப, இன்னொருவர் உள்ளேயிருந்து "இப்போ தெரியுது, விட்டுடு" என்று கத்துவார். சில மாதங்களில் படம் கண்ணாடி மாதிரித் தெரியும், சில மாதங்களில் வெறும் புள்ளியாக இருக்கும். கடலுக்கு மேலே வெப்பக் காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, அலை அந்த அடுக்குக்குள் சிக்கி வெகுதூரம் வழிந்து வரும். காரணம் அதுதான்.

பிறகு தூர்தர்ஷன் கோபுரங்கள் பெருகின, 90களில் கேபிள் வந்தது, கம்பி ஆன்டனாக்கள் துருப்பிடித்தன. பழைய அனலாக் தரைவழி நிலையங்களில் மிகப் பெரும்பாலானவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடிவிடுவதாக 2021 அக்டோபரில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. எல்லை, கடலோரம் போன்ற முக்கியத்துவம் கொண்ட சுமார் 50 இடங்கள் மட்டுமே விதிவிலக்கு. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் 2016இல் தொடங்கப்பட்டது. தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் அது வரவில்லை. இணையத்தில் விற்கும் "எச்டி ஆன்டனா"வை வாங்கி டிவிக்குப் பின்னால் செருகினால் இங்கே தெரிவது வெறும் திரைதான். அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ரீசார்ஜ் பணம் எங்கே போகிறது?

நிறுத்துவதற்கு முன், இப்போது எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பது தெரிய வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்து, 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி மாதக் கட்டணம் மூன்று துண்டுகளாகப் பிரிகிறது.

1. இணைப்புக் கட்டணம். சேனல் எதையும் விலைக்கு வாங்காவிட்டாலும், சிக்னலைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகக் கட்டுவது. தொடக்கத்தில் 100 சேனல்களுக்கு 130 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. 2020இல் அதே தொகைக்கு 200 சேனல் என்று மாறியது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டு, தொகையை நிறுவனங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது.

2. சேனல் விலை. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் அதன் உரிமையாளர் விலை வைக்கிறார். பேக்கில் சேர்க்கப்படும் சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய விதி. இடையில் இதை 12 ரூபாயாகக் குறைத்தார்கள். 2022 நவம்பரில் மீண்டும் 19 ஆக்கினார்கள்.

3. ஜிஎஸ்டி. முதல் இரண்டையும் கூட்டி அதன் மேல் 18 சதவீதம். 130 ரூபாய் இணைப்புக் கட்டணம் கையை விட்டுப் போகும்போது 153 ரூபாய் 40 காசாகப் போனது இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டியது முதல் துண்டு. சன், விஜய், ஜீ தமிழ் மூன்றை மட்டும் பார்க்கும் வீடும் நூற்றுக்கணக்கான சேனலுக்கான பாதைக் கட்டணத்தைக் கட்டுகிறது. ஸ்ட்ரீமிங்கில் அந்தப் பாதைக் கட்டணம் மறைந்துவிடுவது போலத் தோன்றும். அது இன்டர்நெட் பில்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இருந்தால், அதே பாதைக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள். ரீசார்ஜை நிறுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு வலு கொடுப்பது இதுதான்.

நாடு முழுக்க இது நடந்துகொண்டிருக்கிறது. டிராய் கணக்கில் 2020 கடைசியில் ஏறக்குறைய 7 கோடியாக இருந்த கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள், 2025 மார்ச்சில் 6 கோடிக்கும் கீழே வந்துவிட்டார்கள்.

ஆன்டனாவின் இடத்தில் ஃப்ரீ டிஷ்

டிடி ஃப்ரீ டிஷ் பிரசார் பாரதி நடத்தும் இலவச டிடிஎச். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. டிஷ், செட்டாப் பாக்ஸ், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஒருமுறை ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் ஆகும். அதற்கப்புறம் மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் தேதி கிடையாது.

அது வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இது, பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் (டிகிரியில்) நிற்கிறது. தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, தரையிலிருந்து ஏறக்குறைய 69 பாகை உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்றே சொல்லலாம்.

இந்தக் கோணம் தென்னந்தோப்புக்காரர்களுக்குப் பெரிய விஷயம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் வீட்டைச் சுற்றித் தென்னைதான். டிஷ் வைத்த இடத்திலிருந்து மர உச்சி 48 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 69 பாகையில் பார்க்கும் டிஷ்ஷுக்கு, 18 அடிக்குள் இருக்கும் மரம்தான் மறைக்கும். அதைத் தாண்டிய மரத்தால் தொந்தரவு இல்லை. ஏர்டெல்லின் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 108.2 பாகையில், இங்கிருந்து 54 பாகை உயரத்தில்தான் தெரிகிறது. அதற்கு அதே மரம் 35 அடி தூரத்தில் இருந்தாலும் குறுக்கே நிற்கும். மரம் மறைப்பதால் டிடிஎச் ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்ட வீடுகளில் சிலவற்றில் ஃப்ரீ டிஷ் தெரிய வாய்ப்பு உண்டு. காற்றில் மட்டை ஆடும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், மறக்காதீர்கள்.

சரி, அதில் என்ன தெரியும்? தூர்தர்ஷனின் சேனல்கள், கல்விச் சேனல்கள், அகில இந்திய வானொலியின் பல நிலையங்கள், அப்புறம் ஏராளமான இந்திச் சேனல்கள். தமிழில் உறுதியாக இருப்பது டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை என்று நாம் அழைத்தது. சன், விஜய், ஜீ தமிழ் இல்லை. தனியார் சேனல்களின் பட்டியல் ஏலத்துக்கு ஏலம் மாறும். வாங்கும் அன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று கடையில் ஓடும் டிவியிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஏன் தமிழ் இல்லை? தனியார் சேனல்களுக்கான இடங்களைப் பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. இடம் எடுக்கும் சேனல் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் கட்ட வேண்டும், பார்ப்பவரிடம் ஒரு பைசா வாங்க முடியாது. வட இந்தியாவில் கோடிக்கணக்கான ஃப்ரீ டிஷ் வீடுகள் இருப்பதால் விளம்பர வருமானமே அதை ஈடுகட்டிவிடும். தமிழ்நாட்டில் கேபிள் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. 2006க்குப் பிறகு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. இங்கே ஃப்ரீ டிஷ் தேவைப்படும் நிலை வரவே இல்லை. பார்ப்பவர் இல்லாததால் சேனல் வரவில்லை, சேனல் வராததால் பார்ப்பவர் சேரவில்லை. இந்த முடிச்சைச் சந்தை தானாக அவிழ்க்காது. பொதுப்பணத்தில் இயங்கும் ஒரு சேவையில் மொழிவாரியாக இடம் ஒதுக்கி, தமிழ்ச் சேனல்களுக்கு ஏலத் தொகையைக் குறைப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் மாதம் 200, 300 மிச்சம் பிடிக்க, வழி அதற்குப் புரியாத மொழியில் இருந்தால் அது வழியே இல்லை.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு மட்டும் இருக்கும் ஒரு சலுகை பலருக்குத் தெரியாது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் கொண்ட விளையாட்டுகளின் ஒளிபரப்பைத் தனியார் உரிமையாளர் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் அடங்கும், ஐபிஎல் அடங்காது. அப்படிப் பகிரப்பட்ட ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் சொந்த டிடிஎச்சிலும் மட்டுமே காட்டலாம், கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் காட்டக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிடி ஸ்போர்ட்ஸில் மேட்ச் என்று விளம்பரம் வருகிறது, நம் வீட்டு டிடிஎச்சில் அதே சேனலில் வேறு ஏதோ ஓடுகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். ரீசார்ஜ் செய்த வீட்டில் தெரியாத ஆட்டம், பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் தெரியும்.

ஸ்ட்ரீமிங்: டேட்டா கணக்கு

தமிழ்த் தொடர்களும் சினிமாவும் இங்கேதான் கிடைக்கும். சன் தொடர்கள் சன் நெக்ஸ்ட்டில், விஜய் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5இல். மூன்றுக்கும் தனித்தனிச் சந்தா. செய்திக்குப் பணமே வேண்டாம். முன்னணித் தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நாள் முழுக்க நேரலையாக ஓடுகின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்களும் கிடைக்கின்றன.

சந்தாவை விட முக்கியமான கேள்வி டேட்டா. வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்கிறார்கள், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் வேண்டும் என்று கொண்டால்:

1. ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி. 5 × 3,600 = 18,000 மெகாபிட். அதை எட்டால் வகுத்தால் 2,250 எம்பி, அதாவது 2.25 ஜிபி.

2. மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை தொடர் பார்க்கும் வீட்டில் மூன்றரை மணி நேரம். நாளுக்கு ஏறக்குறைய 8 ஜிபி, மாதம் 240 ஜிபி வரை.

3. தினமும் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் இது 40 நிமிடம்தான் ஓடும். தரத்தைக் குறைத்து 2 எம்பிபிஎஸ்ஸில் பார்த்தாலும் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் முதல் மூன்று தொடர் முடிந்திருக்கும். நான்காவது தொடங்கும்போது திரையில் வட்டம் சுற்றும்.

4. பல ஃபைபர் திட்டங்களில் மாத வரம்பு 3,300 ஜிபி. அங்கே 240 ஜிபி ஒரு பொருட்டே இல்லை.

மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி டிடிஎச்சை நிறுத்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இன்னொரு அடிப்படை வித்தியாசமும் உண்டு. செயற்கைக்கோள் ஒருவழிப் பாதை. கோயில் ஒலிபெருக்கி மாதிரி, பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் சத்தம் குறையாது. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஓடை. நம் ஊர்க்காரர்களுக்கு வாய்க்கால் கணக்கு தெரியும். தலைமடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. ஊருக்கு ஒரு செல்போன் கோபுரம் இருந்து, கோபுரத்தின் ஒரு திசையில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் சேர்த்து 50 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு எட்டு மணிக்கு எச்டி பார்க்கும் பத்து வீடுகளோடு அது நிரம்பிவிடும். ஃபைபரில் இந்த நெருக்கடி மிகக் குறைவு. 2023இல் வந்த ஏர்ஃபைபர் வகை இணைப்புகள் 5ஜி அலையில் ஓடுபவை. அவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன, கோபுரம் அருகில் இருந்தால் நல்லது.

ஐப்பசி கார்த்திகையில் என்ன ஆகும்?

டெல்டாவில் எந்த ஏற்பாட்டையும் வடகிழக்குப் பருவமழையில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

டிடிஎச் ஓடுவது கேயூ-பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுப்பில். 12 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளி அந்த அலையை உறிஞ்சிச் சிதறடிக்கும். கேபிள்காரர் மாடியில் இருக்கும் பெரிய டிஷ்கள் பிடிக்கும் சி-பேண்டில் அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர், மழை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வங்கக் கடலிலிருந்து கருக்கல் திரண்டு வருவது பெரும்பாலும் கிழக்கிலிருந்து. நம் டிஷ் பார்ப்பது தென்கிழக்கே. அதனால்தான் நம் தலையில் துளி விழுவதற்கு முன்பே சில சமயம் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. 69 பாகை உயரத்தில் பார்ப்பதால் மழை வழியாக அலை கடக்கும் தூரம் குறைவு. கனமழை தணிந்ததும் படம் திரும்பிவிடும். கட்டண டிஷ்ஷோ இலவச டிஷ்ஷோ, மழை இரண்டையும் தடுக்கும்.

ஃபைபரை மழை தொடாது. ஆனால் ஊர்ப்பக்கம் ஃபைபர் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டுதான் வருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கம்பத்தோடு போகும் கம்பி எதுவும் அந்த மாதிரிக் காற்றில் தப்பாது. சில இடங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் வந்தபின் டிஷ்ஷைத் திருப்பி வைத்தால் படம் வந்துவிடும். அறுந்த ஃபைபரை ஒட்ட ஆள் வர வேண்டும். ஒளிபரப்பு வழி ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மின்சாரமே இல்லாத இரவுக்கு டிஷ்ஷும் உதவாது, ஃபைபரும் உதவாது. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று, காரைக்கால் வானொலியோ திருச்சி வானொலியோ எடுக்கிற மாதிரி, அலமாரியில் இருக்கட்டும்.

எந்த வீட்டுக்கு எது?

1. ஃபைபர் ஏற்கெனவே இருக்கும் வீடு. ரீசார்ஜை நிறுத்தலாம். ஃப்ரீ டிஷ்ஷும், நீங்கள் உண்மையாகவே பார்க்கும் ஒன்றிரண்டு செயலிகளின் ஆண்டுச் சந்தாவும் போதும். மாதம் 300 ரூபாய் ரீசார்ஜ் என்றால் ஆண்டுக்கு 3,600. அந்தத் தொகைக்குள் இரண்டும் அடங்குகிறதா என்று எழுதிப் பாருங்கள். முதல் ஆண்டில் டிஷ் செலவும் சேரும், இரண்டாம் ஆண்டிலிருந்து மிச்சம் தெரியும். செயலிகளை நான்கு ஐந்து என்று சேர்த்துக்கொண்டே போனால் பழைய செலவுக்கே திரும்பிவிடுவீர்கள்.

2. மொபைல் டேட்டா மட்டும் இருக்கும் வீடு. நிறுத்த வேண்டாம். பேக்கை மட்டும் இளைக்கச் செய்யுங்கள். பார்க்காத சேனல்களை எடுத்துவிட்டு, வேண்டியதைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

3. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு. டிவியைப் போட்டால் சன் வர வேண்டும், எண்ணை அழுத்தினால் சேனல் மாற வேண்டும். செயலிக்குள் போய்த் தேடி, பாஸ்வேர்டு கேட்டால் போட்டு என்று இவர்களை அலைய விடக் கூடாது. இவர்களுக்கு உள்ளூர் கேபிள்தான் சரி. பழுது என்றால் கேபிள்காரர் சைக்கிளிலோ வண்டியிலோ வந்துவிடுவார், அந்த வசதி வேறு எதிலும் கிடையாது.

4. பழைய டிவி இருக்கும் வீடு. அரசு கொடுத்த 14 அங்குலப் பெட்டி சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதன் பின்புறமோ பக்கவாட்டிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருக்கும். ஏவி வசதியுள்ள ஃப்ரீ டிஷ் பாக்ஸை அதில் செருகலாம். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு எச்டிஎம்ஐ ஓட்டை வேண்டும், அது இந்தப் பெட்டியில் இல்லை.

புது டிவி வாங்கப் போகிறவர்கள், செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். டிவிபி-எஸ்2 என்று விவரத்தாளில் எழுதியிருக்கும். இருந்தால் டிஷ் கேபிளை நேராக டிவியிலேயே செருகலாம், செட்டாப் பாக்ஸ் வேண்டாம்.

மாற்றுவது எப்படி?

1. ரீசார்ஜ் தீரும் வரை காத்திருங்கள். டிடிஎச் முன்பணச் சேவை, நிறுத்தச் சொல்லி யாரிடமும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கடைசி மாதம் முழுக்க வீட்டில் எல்லோரும் ஸ்ட்ரீமிங்கில் மட்டும் பாருங்கள். யார் எதைத் தேடித் தவிக்கிறார்கள் என்பது பத்து நாளில் தெரிந்துவிடும்.

2. பழைய டிஷ்ஷைக் கழற்றித் தூக்கிப் போடாதீர்கள். டிஷ், கேபிள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, மூன்றும் பெரும்பாலும் ஃப்ரீ டிஷ்ஷுக்குப் பயன்படும். மாற வேண்டியது திசை. உதாரணமாக டாடா ப்ளே டிஷ் 83 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கும் செயற்கைக்கோளைப் பார்த்து, கிட்டத்தட்ட தெற்கே நிமிர்ந்து நிற்கும். அதைத் தென்கிழக்காகத் திருப்பி, சற்றுத் தாழ்த்த வேண்டும். பாக்ஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள். அந்தந்த நிறுவனத்தின் பாக்ஸ் பெரும்பாலும் இதற்கு உதவாது.

3. எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. பாக்ஸ் வாங்கும்போது அதில் புதியதான எம்பெக்-4 வகையாகக் கேளுங்கள். எம்பெக்-2 பாக்ஸ் மலிவு, ஆனால் சேனல்களில் ஒரு பகுதி அதில் தெரியாது.

4. "ஃப்ரீ டிஷ்ஷிலேயே எல்லாத் தமிழ்ச் சேனலும் வர வைக்கிறேன், ஆண்டுக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். கட்டணச் சேனலின் பூட்டைத் திருட்டுத்தனமாகத் திறக்கும் வேலை அது. சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், கொடுத்த பணத்துக்கு ரசீதும் கிடையாது, சேனல் நின்றால் கேட்க ஆளும் கிடையாது.

5. டிஷ்ஷைத் திருப்பும் வேலையைப் புரட்டாசி முடிவதற்குள் செய்துவிடுங்கள். மேகம் கட்டிய நாளில் சிக்னல் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், சரியான இடம் எது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. முடிந்ததும் எல்என்பியில் கேபிள் திருகும் இடத்தைக் கவனியுங்கள். கேபிள் அங்கிருந்து நேராகக் கீழே தொங்காமல் ஒரு வளைவு போட்டு இறங்கட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். திருகின் மேல் தண்ணீர் புகாத டேப்பை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் கடலோரமாக இருந்தால் உப்புக் காற்றில் அந்தத் திருகு பச்சை பூத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, செம்புக் கம்பியின் நுனியைப் புதிதாக வெட்டிவிட்டு மாட்டுங்கள்.